புதுப்பிப்பு: ஈறில் ரத்தம் – கிளீனிங் முடிந்த பிறகு

துலக்கும்போது ரத்தம் வந்தால் பிரஷை நிறுத்தாதீர்கள், பல் டாக்டரிடம் போய் ஈறுப்பையின் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியின்) ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள் என்று முன்பு எழுதியிருந்தோம். அதற்குப் பின் அதிகம் வந்த கேள்வி: "கிளீனிங் பண்ணினதும் பல்லுக்கு நடுவே சந்து தெரியுது, கூசுது. எனாமல் தேஞ்சுடுச்சா?"

தேயவில்லை. அந்தச் சந்தை அடைத்துக்கொண்டிருந்தது காரை, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கு. அது போனதும் வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குகிறது, வேர் கொஞ்சம் வெளியே தெரிகிறது. கூச்சம் அதனால்தான், பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் போடுங்கள். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம்.

இனி கவனம் முழுக்க அந்தச் சந்தில்தான். சாதாரண பிரஷ் அதற்குள் நுழையாது. இன்டர்டென்டல் பிரஷ் (பல் இடுக்கில் நுழையும் குட்டி பிரஷ்) வாங்குங்கள்: நடுக்கம்பி பல்லில் உரசக்கூடாது, முடி மட்டும் லேசாக இறுக வேண்டும். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் வேறு வேறு அளவு தேவைப்படலாம். தினமும் இரவில் ஒருமுறை.

கிருமியைக் கொல்லும் மவுத்வாஷான குளோர்ஹெக்சிடின் 0.2% என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், இரண்டு வேளை; பேஸ்ட் போட்டு அரை மணி கழித்து. இரண்டு வாரத்துக்கு மேல் தானாக நீட்டிக்காதீர்கள், பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும்.

மூன்று மாதத்தில் ஈறுப்பையின் ஆழத்தை மறுபடி அளக்க வேண்டும். 3 மி.மீ. வரை இயல்பு. 5 மி.மீ.க்கு மேல் நின்று, தொட்டால் ரத்தமும் வந்தால் அடுத்தகட்ட சிகிச்சை பற்றிக் கேளுங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் ரத்தம் குறைவாகவே வரும். அவர்கள் ரத்தத்தைப் பார்க்காமல் ஆழத்தின் அளவை நம்புங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறுவதும் தாமதமாகும்.