பாதியில் நிற்கும் இணையப் படிப்பு: கோளாறு பாடத்திலா, படிப்பவரிடமா?

கோவைக்காரன்:
ஏழு ஆண்டுகளாக ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு வீடியோ பாடங்கள் தயாரிக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள்தான் எங்கள் மாணவர்கள். பாதிக்குமேல் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். "அக்கறை இல்லாதவர்கள்" என்கிறார் மேலாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை.

இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானங்கள் தரையிறங்கியபின் விமானிகள் தவறான விசையை இழுத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். எல்லாரும் விமானியைத் திட்டினார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர்தான் விசைகளைப் போய்ப் பார்த்தார். சக்கர விசையும் இறக்கையின் பின்விளிம்புத் தட்டை (ஃப்ளாப்) இயக்கும் விசையும் அச்சாக ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் சக்கர வடிவம், மற்றதில் ஆப்பு வடிவம் பொருத்தச் சொன்னார், குழப்பம் தீர்ந்தது. மனிதக் காரணிகள் ஆய்வு, அதாவது மனிதனுக்கு ஏற்ப கருவியையும் வேலையையும் அமைப்பது, இப்படி வளர்ந்த துறை. படிப்பிலும் ஆளைத் திட்டுவதை விட்டுவிட்டு விசையைப் பார்ப்போம் என்கிறேன்.

2014இல் பிலிப் குவோ என்ற ஆய்வாளரின் குழுவினர் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும், பார்த்த நேரத்தின் நடுமதிப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வெறும் ஸ்லைடுகளைவிட, எழுதிக்கொண்டே விளக்கிய வீடியோக்கள் ஆட்களைப் பிடித்து வைத்தன. நம் ஊரிலோ ஒரு மணி நேர வகுப்பை அப்படியே படம்பிடித்து ஏற்றிவிடுகிறோம்.

இரவுப்பணி:
நான் செவிலியர், வயது 43. சென்ற ஆண்டு புள்ளியியல் படிப்பு ஒன்றில் சேர்ந்து நான்காம் வாரத்தில் விட்டேன். அதில் வீடியோக்கள் எல்லாம் ஐந்து நிமிடம்தான். அழகாகவே இருந்தன. நான் விட்டதற்குக் காரணம், அந்த வாரம் என்னைத் தொடர்ந்து ஆறு நாள் இரவுப்பணியில் போட்டார்கள். பயிற்சிக் கணக்கு சமர்ப்பிக்கும் கெடு புதன் இரவோடு முடிந்தது. வியாழன் காலை வீட்டுக்கு வந்து திறந்தால் பூட்டு. எந்த விசையைச் சரிசெய்வீர்கள், அண்ணா?

பழைய வாத்தியார்:
தபால்வழிக் கல்வியில் இருபது ஆண்டு பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆறு நிமிடமும் வேண்டாம், அறுபது நிமிடமும் வேண்டாம். படிக்கிறவன் தெருவிளக்கிலும் படிப்பான். கணக்கும் இருக்கிறது: ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019இல் வெளிவந்த ஆய்வுப்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் முடித்தார்கள். வீடியோ ஒன்றுதான், ஆசிரியர் ஒருவர்தான். மாறியது மனம்.

கோவைக்காரன்:
பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கக்கூடியவர்கள்தான் பணம் கட்டினார்களா, ஐயா? நேரமும் காசும் கையில் உள்ளவர் இரண்டையும் செய்வார். அதோடு அதே ஆய்வில், பெயர் பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் திறக்கவே இல்லை. அவர்களையும் சேர்த்து வகுத்தால் மூன்று சதவீதம்தான் வரும்.

வெள்ளெழுத்து:
52 வயது, தமிழ்வழியில் படித்தவன். ஆறு நிமிடக் கணக்கு எனக்குப் பொருந்தவில்லை. அது எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பிறகு பயிற்சிக் கேள்வியைத் தொட்டார்களா என்பதைத்தான் அளந்தது. மண்டையில் ஏறியதா என்பது வேறு கேள்வி. நான் ஒரே வீடியோவை நான்கு முறை நிறுத்திப் பார்ப்பவன். ஆங்கிலம் காதில் விழுந்து பொருள் ஆவதற்குள் அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்.

இன்னொன்று. திரையில் இருப்பதையே வாயாலும் வாசித்தால் மூளைக்கு வீண்சுமை, வசன வரிகளை எடுத்துவிடுங்கள் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் வழி வந்தவர்கள் சொல்வார்கள். தாய்மொழியில் கேட்பவருக்கு அது சரி. பிறமொழியில் கேட்பவருக்கு அந்த வரிகள்தான் ஊன்றுகோல். இந்த விலக்கை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஐ.ஐ.டி.க்களின் என்பிடெல் இணையப் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழில் எழுத்துவடிவம் கிடைக்கிறது. அதை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் படித்து முடித்தேன். கைப்பேசித் திரையில் சாம்பல் நிறப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து வைத்த மகானுபாவருக்கு என்றாவது நாற்பத்தைந்து வயது ஆகத்தான் செய்யும்.

கோவைக்காரன்:
பாருங்கள், நான் சொன்னதும் இதுதான். விசையைப் பார்க்க வேண்டும்.

இரவுப்பணி:
இது திரையில் தெரியும் எழுத்தைப் பற்றிய பேச்சு. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நீங்கள் விமானத்தை இழுத்ததால் நானும் இழுக்கிறேன். விசையின் வடிவத்தைப் பார்த்த அதே துறைதான் விமானி எத்தனை மணி நேரம் விழித்திருந்தார், எப்போது ஓய்வெடுத்தார் என்றும் பார்க்கிறது. பணிநேரத்துக்கு உச்சவரம்பே இருக்கிறது. கல்விக்கு வந்ததும் மனிதக் காரணி என்றால் திரை மட்டும் என்று ஏன் சுருக்கிவிட்டீர்கள்?

வயதுவந்த மாணவர்கள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்று ஆராய்ந்த பீனும் மெட்ஸ்னரும் 1985லேயே எழுதிவிட்டார்கள்: வேலை, குடும்பம், காசு ஆகிய வெளிச்சூழல் நன்றாக இருந்தால் கல்விக் குறைபாட்டை அது ஈடுகட்டும், வெளிச்சூழல் கெட்டால் எவ்வளவு நல்ல பாடமும் ஈடுகட்டாது. ஏறத்தாழ 250 இணையப் பாடங்களில், சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் நடந்து 2020இல் வெளிவந்த பரிசோதனை ஒன்றில், எப்போது எங்கே படிப்பீர்கள் என்று முன்கூட்டியே திட்டம் எழுத வைத்தார்கள். முதல் சில வாரம் சுறுசுறுப்பு கூடியது. முடித்தவர் எண்ணிக்கை கூடவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அழகாக எழுதித் தந்திருப்பேன். பணிப்பட்டியல் என் கையிலா இருக்கிறது?

பழைய வாத்தியார்:
அம்மா சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் காலத்தில் நேர்முக வகுப்புக்குப் பேருந்தில் குழந்தையோடு வந்த பெண்கள் உண்டு. தேர்வை இரண்டாம் முறை எழுதியவர்களும் உண்டு. கெடு என்பது ஆண்டுக் கணக்கில் இருந்தது. வாரக் கெடு எங்களுக்குத் தெரியாத சங்கதி. ஆனாலும் தம்பி, கெடுவைத் தளர்த்தினால் எல்லாரும் கடைசி வாரத்தில் மொத்தமாக எழுதித் தள்ளுவார்கள். அதற்குப் படிப்பு என்று பெயரா?

கோவைக்காரன்:
அந்தப் பயம் எனக்கும் உண்டு, ஐயா. வாரக் கெடு வைப்பதற்கே அதுதான் காரணம். அக்கா, ஒன்று கேட்கிறேன். அந்த நான்காம் வாரத்தில் என்ன இருந்திருந்தால் தொடர்ந்திருப்பீர்கள்?

இரவுப்பணி:
காரணம் கேட்காமல் இரண்டு முறை ஒரு வாரம் தள்ளிப்போட உரிமை. பேருந்தில் கேட்க ஒலிவடிவம். சேரும் பக்கத்திலேயே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்ற உண்மையான எண். மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தார்கள்; எனக்கு எட்டு ஆனது.

கோவைக்காரன்:
முதலிரண்டும் செய்ய முடியும். மூன்றாவதை விற்பனைப் பிரிவு விடாது. எட்டு என்று போட்டால் யாரும் சேரமாட்டார்கள் என்பார்கள்.

வெள்ளெழுத்து:
எட்டு என்று தெரிந்து சேர்பவர்களை வைத்து வகுத்துப் பாருங்கள், அந்த மூன்று சதவீதம் என்னவாகிறது என்று.