பொட்டாய் மக்கள் குதிரை ஏறினார்களா?

மேய்ச்சல்நிலம்:
குதிரையை முதலில் பழக்கியவர்கள் பொட்டாய் மக்கள் என்று நேற்று எழுதினேன். "அது 2018-லேயே முடிந்துபோன கதை" என்று ஏரிக்கரை ஒரே வரியில் தள்ளிவிட்டார். முடியவில்லை என்பதால்தான் இந்த இழை.

வட கஜகஸ்தானில் கி.மு. 3500 வாக்கில் இருந்த ஊர் பொட்டாய். விக்டர் ஜைபர்ட் 1980-இல் அங்கே தோண்டத் தொடங்கினார். கிடைத்த விலங்கெலும்புகள் லட்சக்கணக்கில். ஏறத்தாழ எல்லாமே குதிரை. 2009-இல் ஆலன் அவுட்ராம் குழு மூன்று சான்றுகளைக் காட்டியது. கால் எலும்பு பிற்கால வளர்ப்புக் குதிரையினுடையதைப் போல மெலிந்திருக்கிறது. கீழ்த்தாடைப் பல்லில் கடிவாளம் தேய்த்த தடம் இருக்கிறது. பானை ஓட்டில் ஊறிய கொழுப்பு குதிரைப்பாலுடையது. காட்டுக் குதிரையிடம் யார் போய்ப் பால் கறப்பார்கள்?

ஏரிக்கரை:
ஒரே வரியில் எழுதியது தவறுதான், விரிவாகவே சொல்கிறேன். 2018-இல் பொட்டாய்க் குதிரைகளின் மரபணுவைப் படித்தார்கள். இன்று நாம் காணும் வளர்ப்புக் குதிரைகள் அவற்றின் வழிவந்தவை அல்ல. அவற்றின் வாரிசு, மங்கோலியாவில் திரியும் பிரஷெவால்ஸ்கி குதிரை. நம் குதிரைகளின் வேர் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதி என்று 2021-இல் தெரிந்தது. அங்கிருந்து அவை பரவியது கி.மு. 2000-ஐ ஒட்டித்தான்.

மேய்ச்சல்நிலம்:
வாரிசு இல்லை என்றால் வளர்க்கவே இல்லை என்று ஆகிவிடுமா? ஓர் ஊரார் வளர்த்த இனம் பின்னால் காட்டுக்குத் திரும்பியிருக்கலாம். மரபணு வம்சத்தைச் சொல்லும். வாயில் கடிவாளம் இருந்ததா என்பதைப் பல்தான் சொல்ல வேண்டும்.

ஜட்காக்காரர் பேரன்:
பல் பற்றி ஒரு வார்த்தை. என் தாத்தா பழனியில் ஜட்கா ஓட்டியவர். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே வெறும் ஈறு மட்டும் உள்ள இடைவெளி உண்டு. கடிவாளம் அங்கேதான் உட்காரும். முரட்டுக் குதிரை அதை நாக்கால் பின்னுக்குத் தள்ளிக் கடைவாயில் கவ்விக்கொள்ளும். கவ்விவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் நிற்காது என்பார் தாத்தா. அப்படி நாள்தோறும் கவ்வுகிற பல்லின் முன்முனை சரிந்து தேய்வதில் எனக்கு வியப்பில்லை. தொல்லியலாளர்கள் டேவிட் ஆண்டனியும் டார்கஸ் பிரௌனும் கயிறு, தோல், எலும்பு என்று விதவிதமான கடிவாளங்களைக் குதிரைகளுக்கு மாட்டிப் பார்த்து, 3 மில்லிமீட்டர் சரிந்திருந்தால் அது கடிவாளத் தடம் என்று எல்லை வைத்தது இதனால்தான்.

ஏரிக்கரை:
தாத்தா சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் கவ்வினால் தேயும் என்பதால், தேய்ந்ததெல்லாம் கவ்வியது ஆகாது. வில்லியம் டெய்லரும் பாரோன்-ஓர்டிஸும் 2021-இல் வட அமெரிக்காவின் பனியுகக் காட்டுக் குதிரைகளின் பற்களைப் பார்த்தார்கள். கடிவாளமே அறியாத அந்தப் பற்களிலும் இதே போன்ற தேய்மானம் இருந்தது!

உக்ரைனில் தோண்டப்பட்ட பழைய ஊரான டெரிவ்காவையும் மறக்க வேண்டாம். அங்கே கிடைத்த ஆண்குதிரையின் பல்லைப் பார்த்து, ஆறாயிரம் ஆண்டுக்கு முன்பே சவாரி இருந்தது என்று உலகமே நம்பியது. கதிரியக்கக் கரிம ஆய்வு செய்தபோது, அது இரும்புக் காலத்தில் பழைய மண்ணுக்குள் புதைக்கப்பட்ட குதிரை என்று தெரிந்தது. அதை ஆண்டனியே வெளிப்படையாக ஏற்றுத் திருத்தினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பாலுக்கும் மறுப்பு உண்டு. பொட்டாய் மனிதர்களின் பற்காரையில் (பல்லில் படிந்து இறுகிய கறையில்) பால் புரதம் தேடினார்கள், கிடைக்கவில்லை.

மேய்ச்சல்நிலம்:
எத்தனை பேரின் பற்காரையில்? இரண்டே பேர்! இரண்டு பேரை வைத்து ஓர் ஊரே பால் குடிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

கிராஸ்னி யார் என்ற பொட்டாய்க் காலத்து ஊரில் கம்பம் நட்ட குழிகள் பட்டி போல வளைந்திருக்கின்றன. அந்த வளைவுக்குள் இருக்கும் மண்ணில் பாஸ்பரஸ் அதிகம். சாணம் கிடந்த மண் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் நம்பும் மரபணுவே 2024-இல் என் பக்கம் பேசியது. லிப்ராடோ குழுவின் ஆய்வில், பொட்டாய்க் குதிரைகளின் தலைமுறை இடைவெளி, அதாவது ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே உள்ள காலம், கணிசமாகக் குறைந்திருந்தது. காட்டு மந்தை தானாக அவ்வளவு சீக்கிரம் தலைமுறை மாறாது. யாரோ இனப்பெருக்கத்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

ஏரிக்கரை:
அந்த ஆய்வைப் படித்த பிறகு நானும் என் நிலையை மாற்றிக்கொண்டேன். வளர்த்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் முதல் பதிவு கடிவாளத்தைப் பேசுகிறது. இறைச்சிக்கும் பாலுக்கும் பட்டியில் அடைப்பது வேறு, முதுகில் ஏறுவது வேறு. அதே ஆய்வு, குதிரையால் மனிதர் தொலைதூரம் போகத் தொடங்கியதைக் கி.மு. 2200 வாக்கில்தான் வைக்கிறது.

மேய்ச்சல்நிலம்:
கால்நடையாகவே போய்க் குதிரை மந்தையை யாரால் திருப்ப முடியும்? அது ஆடா, மாடா?

ஜட்காக்காரர் பேரன்:
மந்தை முழுவதையும் திருப்ப வேண்டியதில்லை. கஜகஸ்தானில் இன்றும் பால் கறக்கும்போது குட்டிகளைக் கயிற்றில் கட்டிவைக்கிறார்கள். தாய்க்குதிரைகள் தாமாகவே அருகில் நிற்கின்றன. இதற்குச் சவாரி தேவையில்லை.

ஏரிக்கரை:
அந்தக் கயிறு எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. பொட்டாயில் தோல்வார் இழைக்கும் கருவிகளைக் குதிரையின் தாடையெலும்பிலேயே செய்திருக்கிறார்கள்.

மேய்ச்சல்நிலம்:
சரி. "பழக்கினார்கள்" என்பதை "வளர்த்தார்கள்" என்று திருத்துகிறேன். பல் சான்றை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன். பாலை மட்டும் விட மாட்டேன்; இன்னும் பத்துப் பேரின் பற்காரையைப் பார்த்த பிறகு பேசுவோம்.