ஃபோர்ஹேண்ட் அடியில் காலை நகர்த்துவதா, கையைத் திருத்துவதா?

கேள்வி:
வணக்கம். டேபிள் டென்னிஸில், பந்து ஒரே இடத்திற்கு வரும் பயிற்சியில் என் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் (மட்டை பிடித்த கையின் பக்கமிருந்து, பந்து முன்னோக்கிச் சுழலும்படி அடிப்பது) சீராக விழுகிறது. ஆட்டத்திலோ பந்து ஒரு சாண் விலகினாலும் கையை நீட்டியோ மடக்கியோ சமாளிக்கிறேன். அது வலையில் முட்டுகிறது, அல்லது மேசையைத் தாண்டிப் போகிறது. எந்தப் பந்துக்கும் காலைத்தான் நகர்த்த வேண்டும் என்கிறார் பயிற்றுநர். ஆனால் முன்னணி ஆட்டக்காரர்களின் காணொளிகளை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அவர்களும் கடைசிக் கணத்தில் கையைத் திருத்துகிறார்கள். எதைப் பின்பற்றுவது?

மறுமொழி 1:
இரண்டும் உண்மைதான், வரிசைதான் முக்கியம். கையை நீட்டி அடிக்கும்போது முழங்கையின் கோணம் மாறுகிறது, அதனுடன் மட்டையின் சாய்வும் மாறுகிறது, இடுப்பைத் திருப்பிப் பெறும் விசையும் பந்துக்கு முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே அதே வீச்சு ஒரு முறை வலையிலும் மறு முறை வெளியிலும் முடிகிறது. பந்து உங்கள் வீச்சு குலையாத எல்லைக்குள் வந்துவிடும்படி உடலைக் கொண்டு நிறுத்துவது காலின் வேலை. அந்த எல்லைக்குள் மிஞ்சும் சிறு வேறுபாட்டை முன்கையும் மணிக்கட்டும் பார்த்துக்கொள்ளும். மேசையின் அகலம் 1.525 மீட்டர்தான் என்பதால், பெரும்பாலான பந்துகளுக்கு ஓரிரு சிறு அடிகளே போதும். காணொளியில் நீங்கள் கண்ட திருத்தம், கால்கள் தம் வேலையை முடித்த பிறகு நிகழ்வது. அடித்து முடித்ததும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், கால் செய்ய வேண்டியதைக் கை செய்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
மேசையை ஒட்டி நின்று பிளாக் செய்யும்போதும் (வீசாமல் மட்டையை வைத்துப் பந்தைத் தடுத்துத் திருப்பும்போதும்), வலையில் பட்டுத் திசை மாறும் பந்திலும் காலுக்கு நேரமே கிடைக்காது. அங்கே கையை நம்புவதில் தவறில்லை. பேக்ஸ்பின் (பின்னோக்கிச் சுழலும்) பந்தைத் தூக்கி அடிப்பது வேறு: முழங்காலை மடக்கித் தாழாமல் கையால் மட்டும் தூக்கினால் பந்து பெரும்பாலும் வலையைத் தாண்டாது. ஆட்ட முறையும் இதைத் தீர்மானிக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஒற்றையர் இறுதியில் மோதிய இருவரும் பேனா பிடிக்காரர்கள், அதாவது மட்டையைப் பேனாவைப் போலப் பிடிப்பவர்கள். ரியூ சியுங்-மின் இடது மூலைக்கும் ஓடிச் சென்று ஃபோர்ஹேண்டால் தாக்கியவர். வாங் ஹாவ் மட்டையின் மறுபக்கத்தால் பேக்ஹேண்ட் (மட்டை பிடிக்காத கையின் பக்கம் வரும் பந்துக்கான அடி) ஆடியதால் அவருக்கு அந்த ஓட்டம் அவ்வளவு தேவைப்படவில்லை. அன்று ரியூ வென்றார் என்றாலும், அவருடைய கால்கள் இல்லாதவர் அந்த முறையைக் கைக்கொள்வது கடினம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நான் வலக்கை ஆட்டக்காரன். வெளியே விலகும் பந்தைவிட, உடலை நோக்கி வரும் பந்தில்தான் அதிகம் தடுமாறுகிறேன்.

மறுமொழி 1:
அது பலருக்கும் உள்ள சிக்கல். பந்து எட்டும் தூரத்திலேயே இருப்பதால் நகரத் தோன்றுவதில்லை. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ள, வீச்சுக்கு இடமே இல்லாமல் போகிறது. ஃபோர்ஹேண்டால் அடிக்கத் தீர்மானித்தால் இடது காலை அரை அடி இடப்பக்கம் வைத்து, வலது காலைச் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் நின்ற இடத்திலேயே சிறிதாக ஒரு துள்ளல் போட்டால் இந்த நகர்வு எளிதாகும்.

மறுமொழி 3:
ஃபால்கன்பெர்க் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இடது மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அங்கேயே நகர்ந்து ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு வலது மூலைக்குச் சென்று இன்னொரு ஃபோர்ஹேண்ட். அது பழகிய பின், பந்து போடுபவரை ஒவ்வொரு பந்தையும் சற்றே இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே புள்ளியில் விழும் பந்துக்குப் பழகினால் இந்தத் திருத்தம் ஒருபோதும் கைவராது.