ஸூம் வகுப்பில் கேலி: வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். உயர்நிலை 2 பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை ஸூமில் வாய்மொழிப் பயிற்சி. ஜூன் விடுமுறைக்குப் பிறகு ஒரு மாணவி கேமராவைத் திறப்பதே இல்லை. அவள் வாசிக்கத் தடுமாறியபோது யாரோ முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். இப்போது வாசிக்கச் சொன்னால் மைக் திறக்கிறது, மூச்சுச் சத்தம் கேட்கிறது, அப்புறம் அணைந்துவிடுகிறது. நல்லா பேசுகிற பிள்ளை, மனசு தாங்கவில்லை.

மாணவர்களுக்கிடையே தனி அரட்டையை முடக்கினேன். காத்திருப்பு அறை வைத்தேன், பெயர் மாற்றுவதையும் தடுத்தேன். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை என்னால் தடுக்க முடியவில்லை. எல்லாரையும் பொதுவாகக் கண்டித்தேன், பெற்றோரிடமும் பேசினேன். அவள் பெயரைச் சொல்லி விசாரித்தால் இன்னும் கூசிப்போவாள்.

அவளைச் சங்கடப்படுத்தாமல், மற்றவர்கள் முன் மறுபடியும் வாசிக்க வைக்க உங்கள் வகுப்பில் எது பலன் தந்தது?