கட்டுச் சுங்குடி தேடிப்போன கதை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பொங்கலுக்கு அம்மாவுக்கு ஒரு சுங்குடி, அதாவது துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி வரவைக்கும் சேலை, எடுக்கலாம் என்று மதுரை விளக்குத்தூண் கடைத்தெருப் பக்கம் போனேன். கடைக்காரர் இருபது சேலையாவது விரித்திருப்பார். அழகுதான், ஆனால் அத்தனையும் அச்சு. “கையால முடிச்சுப் போட்டது இல்லையாண்ணே?” என்றேன். “அதெல்லாம் இப்ப யாரும்மா கட்டுறா?” என்றார். சேலை கட்டுவதைச் சொன்னாரா, முடிச்சுக் கட்டுவதைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்ன நினைத்தாரோ, முடிச்சுப் போடும் ஓர் அம்மாவின் வீட்டுக்கு அவரே வழியும் சொன்னார்.

சௌராஷ்டிரக் குடும்பம். அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மடியில் மடித்த துணி, எதிரே டிவியில் சீரியல். இடது கை நகத்தால் கடுகளவு துணியைக் கிள்ளித் தூக்குகிறார், வலது கை நூலைச் சுற்றி இறுக்குகிறது, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போகிறார். கண் சீரியலில்தான் இருக்கிறது. போனில் நேரம் பார்த்தேன்: நிமிடத்துக்கு ஆறு முடிச்சு. நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன், இழுத்ததும் கழன்றுவிட்டது. “பரவால்ல பாப்பா, எட்டு வயசுல எனக்கும் இப்படித்தான் கழண்டுச்சு” என்று சிரித்தார்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு சேலைக்கு ஐயாயிரம் புள்ளி என்றால், எழுந்திருக்காமல் கட்டினாலே கிட்டத்தட்ட 14 மணி நேரம். சமையல், தண்ணீர் பிடிப்பது, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாவற்றுக்கும் நடுவில் அது ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. சேலைக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே, “இதுக்குப் பூக் கட்டப் போனாக்கூட மேல. அதான் என் மருமக பூக் கட்டுறா” என்றார்.

சரி, இதையே எனக்குக் கொடுங்கள் என்றால், “துணி முதலாளியோடதும்மா, நான் எப்படி விக்கிறது?” அப்புறம் நானே பருத்திச் சேலை வாங்கிக் கொடுத்து, அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன கூலிக்கு மேலேயே கொடுத்தேன். பொங்கலுக்கு வரவில்லை, மாசிதான் ஆனது. சாயம் போட்டுக் காய்ந்து வந்ததும், ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெடுக்கென்று இழுத்தோம். படபடவென்று நூல் தெறித்தது. புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணல், சிலவற்றின் நடுவில் குண்டூசி முனை அளவுக்குச் சாயம். துணி மேலே இன்னும் சின்னச் சின்னக் குமிழாக நிற்கிறது. அம்மா இஸ்திரி போடவே விடுவதில்லை.

* * *

எனக்கு நேர்ந்தது இதற்கு எதிர்க்கதை. ஆன்லைனில் ஒரு பிராண்ட், பெயர் வேண்டாம். பக்கம் முழுக்க ‘எத்திக்கல்’, 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, கையால் முடிச்சிட்டது என்று எழுதியிருந்தார்கள். வந்த துப்பட்டாவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கிறது, புள்ளியெல்லாம் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. அச்சேதான். முடிச்சுப் போட்டவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மெயில் போட்டேன். அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது.

* * *

நான் மதுரை செல்லூர். அப்பா தறிக்காரர், குழித்தறியில் துண்டு நெய்தவர். முடிச்சுக்காவது தனிக் கூலி உண்டு. எங்கள் வீட்டில் தார் சுற்றியது, அதாவது குறுக்கே ஓடும் நூலை நாடாவில் வைக்கும் சின்னக் குழலில் சுற்றியது, அம்மாவும் அக்காவும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டை முன்னால் உட்கார்ந்தால் அக்காவுக்குச் சாப்பாடு ராத்திரிதான். அதற்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. அப்பாவின் கூலிக்குள்ளேயே மூன்று பேர் உழைப்பும் அடக்கம். மழைக்காலத்தில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், காயாது, குழியில் ஈரம் ஏறும், தறி நிற்கும், கூலியும் நிற்கும். சீட்டில் கைத்தறி முத்திரை இருந்தால் துணி கையால் நெய்தது என்று தெரிந்துகொள்ளலாம், அதில் எனக்குக் குறை இல்லை. தார் சுற்றியவருக்கு என்ன கிடைத்தது என்பதை எந்தச் சீட்டும் சொல்வதில்லை. ‘நியாயக் கூலி’ என்று யாராவது போட்டிருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கடையில் இருப்பவர்கள் முழிப்பார்கள், பரவாயில்லை.

* * *

செல்லூர் அண்ணே, முதல் கதையை எழுதியவள் நான். முடிச்சுப் போட்ட அந்த அம்மாவிடம் திரும்பப் போனபோது, கூலி இல்லாமல் கூட யார் உழைக்கிறார்கள் என்று கேட்டேன். துணியில் புள்ளிக்கு அடையாளம் வைத்துக் கொடுப்பது அவர் வீட்டுக்காரராம், அதற்கும் கூலி இல்லை. இந்தத் தடவை சேர்த்துக் கொடுத்தேன்.

அந்தச் சேலையை எப்படித் துவைப்பது என்று தனியாகக் கேட்டவருக்கு: முதல் இரண்டு தடவை மற்றத் துணியோடு போடாமல், கல்லுப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். சிவப்பு கொஞ்சம் போகத்தான் செய்யும்.