தம்பியின் டிசைன் படிப்புக்கு லேப்டாப்: கிராபிக்ஸ் கார்டா, நல்ல திரையா?

கேள்வி: மதுரை அக்கா

வணக்கம். என் தம்பி விஷுவல் கம்யூனிகேஷன் முதலாண்டில் சேர்ந்திருக்கிறான். லேப்டாப்புக்கு 75,000 ரூபாய் வரை செலவிடலாம். அப்பா கடன் வாங்கித்தான் கொடுக்கிறார். மூன்றாண்டுப் படிப்பு முடிந்து வேலையில் சேரும்வரை இது உழைக்க வேண்டும்.

கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று கேமிங் வகை: ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். மற்றொன்று மெலிதானது: ஓஎல்இடி திரை, 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. "கிராபிக்ஸ் படிக்கிற பையனுக்கு கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் எப்படி?" என்கிறார் கடைக்காரர். முதலாண்டில் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா. அடுத்த ஆண்டிலிருந்து வீடியோ எடிட்டிங்கும் 3டி அனிமேஷனும். எதை வாங்குவது?

சிவகாசி வடிவமைப்பாளர்

சகோதரி, முதலில் திரையைப் பாருங்கள். போட்டோஷாப்பும் கோரல்டிராவும் பெரும்பாலும் பிராசசரையும் ரேமையும் நம்பி ஓடுபவை. முதலாண்டுப் பாடத்துக்குத் தனி கார்டு இல்லாமல் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. திரை சரியில்லை என்றால் பையன் கற்றுக்கொள்ளும் வண்ணமே தவறாகிவிடும்.

விலை குறைந்த கேமிங் லேப்டாப்புகள் பலவற்றில் '45% என்டிஎஸ்சி' திரையைப் பொருத்துகிறார்கள். என்டிஎஸ்சி என்பது திரை எவ்வளவு வண்ணங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவு. பெட்டியின் மேல் இதை எழுதுவதில்லை. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் விவரக்குறிப்பின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். எஸ்ஆர்ஜிபி என்ற பொது வண்ண அளவில் சுமார் 60 முதல் 65 சதவீதம் வரைதான் இந்தத் திரை காட்டும். குங்குமச் சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். பையன் போதவில்லை என்று நினைத்து வண்ணத்தைக் கூட்டுவான். அதே போஸ்டரை ஆசிரியர் தம் போனில் திறந்தால் கண்ணைக் குத்தும். எங்கள் அச்சகத்துக்கு வருகிற மாணவர்களின் கோப்புகளில் இந்தக் கோளாறை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது. பிள்ளைகளின் உழைப்பில் குறை இல்லை, திரைதான் ஏமாற்றியிருக்கிறது.

'100% எஸ்ஆர்ஜிபி' அல்லது '72% என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் தைரியமாக வாங்கலாம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஓஎல்இடி திரை இதைவிட அதிக வண்ணம் காட்டும். ஆனால் இணையத்துக்கான படங்கள் அதில் இயல்பைவிடப் பளபளப்பாகத் தெரியக்கூடும். எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் சிலவகை ஓஎல்இடி திரைகள் நுட்பமாகத் துடிக்கும், சிலருக்குத் தலைவலி வரும். தம்பியையே கூட்டிச் சென்று கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.

அனிமேஷன் மாணவி, மூன்றாமாண்டு

அண்ணா சொல்வது முதலாண்டுக்குச் சரி. ஆனால் கார்டை அப்படித் தள்ளிவிட முடியாது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சியை ரெண்டர் செய்யும்போது, அதாவது இறுதிப் படமாக மாற்றும்போது, ஆர்டிஎக்ஸ் போன்ற என்விடியா கார்டு இருப்பவர்கள் சாப்பிட்டு வருவதற்குள் முடித்துவிடுகிறார்கள், இல்லாதவர்கள் இரவு முழுவதும் ஓட விடுகிறார்கள். ஒப்படைக்கும் வாரத்தில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. துறையில் எந்த 3டி மென்பொருள் கற்பிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள், அக்கா. 3டிஎஸ் மேக்ஸ் என்றால் அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். யாராவது மேக்புக் வாங்கச் சொன்னால் அதை நினைவில் வையுங்கள். மென்பொருள் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பிளெண்டரும், வரைவதற்கான கிரிட்டா, இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம். வீடியோ எடிட்டிங்குக்கான டாவின்சி ரிசால்வுக்கு இலவசப் பதிப்பு உண்டு. 3டிஎஸ் மேக்ஸ் போன்ற ஆட்டோடெஸ்க் நிறுவன மென்பொருள்களையும் மாணவர்கள் கட்டணமின்றிப் பெறலாம்.

கணினி பழுது பார்ப்பவர்

கடையில் லேப்டாப்பை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ரேம் செருக எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ஒன்று காலியாக இருந்தால் 8 ஜிபி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். மெலிதான லேப்டாப்புகளில் ரேமைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். அதைப் பிறகு கூட்ட வழியில்லை.

இன்னொன்று. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். அதே கார்டை ஒரு லேப்டாப்பில் 35 வாட்டிலும் மற்றொன்றில் 80 வாட்டிலும் ஓட்டுவார்கள், வேகமும் அதற்கேற்ப மாறும். 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' எவ்வளவு என்று கேளுங்கள்.

மதுரை அக்கா

எல்லோருக்கும் நன்றி. துறையில் விசாரித்தேன், பிளெண்டர்தான் கற்பிக்கிறார்களாம், அதுவும் நான்காம் செமஸ்டரில். கேமிங் லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலி. ஆனால் திரை, அண்ணா சொன்ன அதே 45 சதவீதம்! தனியாக ஒரு மானிட்டர் வாங்கிவிட்டால் சரியாகுமா? தம்பி தினமும் மேலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறான், லேப்டாப்பைக் கல்லூரிக்கும் கொண்டுபோக வேண்டும்.

சிவகாசி வடிவமைப்பாளர்

கல்லூரியில் வேலை செய்யும்போது மானிட்டர் வீட்டில்தானே இருக்கும்? செலவும் கூடும், பாதி நேரம் அந்த 45 சதவீதத் திரையில்தான் வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போது கேமிங் லேப்டாப்பும் அதன் செங்கல் போன்ற சார்ஜரும் தோளை வாட்டிவிடும்.

ஒரே பெயரில் வரும் தொடரிலேயே திரை வேறுபடும். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் மாறினால் உள்ளே இருப்பதும் மாறியிருக்கும். அதே தொடரில் 100% எஸ்ஆர்ஜிபி திரையோடு வருகிற மாடல் உண்டா என்று முதலில் தேடுங்கள். இருந்து, விலையும் எடையும் ஒத்துவந்தால் அதுதான் என் தேர்வு. கிடைக்காவிட்டால் மெலிதான 16 ஜிபியை எடுங்கள். நான்காம் செமஸ்டர் ரெண்டர் வேலைக்குக் கல்லூரி லேபைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மதுரை அக்கா

கடைக்காரர் கிடங்கில் விசாரித்தார். அதே தொடரில் நல்ல திரை, 16 ஜிபி, கார்டு 65 வாட். 4,000 ரூபாய் கூடுதல். அந்தத் தொகையை நான் போட்டுக்கொள்கிறேன். எடை மட்டும் குறையவில்லை. தம்பி தூக்கிக்கொள்வதாகச் சொல்கிறான்.

கணினி பழுது பார்ப்பவர்

நல்ல தேர்வு. பணம் கட்டுவதற்கு முன் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைத் திரை நிறையத் திறந்து, செத்த புள்ளிகளும் ஓரங்களில் ஒளிக்கசிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில்லில் மாடல் எண் கடைசி எழுத்துவரை இருக்கட்டும், வரிசை எண்ணும் சேரட்டும். வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.