கைநாட்டு வைத்தவளுக்குப் படிக்கத் தெரியாதா?

*பெரிய வீடு* குழு, ஞாயிறு இரவு

யாழினி 8:14
நாளைக்கு கிளாஸ்ல நான் பேசணும். முதல் ஸ்லைடு இது, பார்த்துச் சொல்லுங்க: "1640களில் இங்கிலாந்தில் ஆண்களில் 10க்கு 3 பேருக்கும், பெண்களில் 10க்கு ஒருவருக்கும் மட்டுமே எழுதப் படிக்கத் தெரியும்."

பெரியத்தை 8:17
ஏட்டி, இதை எப்படி எண்ணுனாகளாம்? அதைச் சொல்லு முதல்ல.

யாழினி 8:19
கையெழுத்தை வச்சு அத்தை. 1641, 42ல பார்லிமெண்ட் சொல்லி ஆண்கள்கிட்ட ஊர் ஊரா உறுதிமொழி வாங்குனாங்க. பெண்களுக்கு, சர்ச் கோர்ட்டுல சாட்சி சொன்ன தாள்கள். பேரை எழுதியிருந்தா எழுத்தறிவு உண்டு, கீறல் போட்டிருந்தா இல்ல.

பெரியத்தை 8:20
அப்போ அது பேர் எழுதத் தெரியாதவங்க கணக்கு. படிக்கத் தெரியாதவங்க கணக்கு எங்க இருக்கு?

சித்தப்பா 8:21
ரெண்டும் ஒண்ணுதானக்கா?

பெரியத்தை 8:26
இல்லடா. 30 வருஷம் இதைத்தான் பாடம் எடுத்தேன், சொல்லுதேன் கேளு. அங்க முதல்ல வாசிக்கத்தான் சொல்லிக் குடுப்பாங்க. ஊர்ல ஒரு வயசான அம்மா, தன் வீட்டுலயே நாலு பிள்ளைகளை உக்கார வச்சு நடத்துற பள்ளிக்கூடம். கைப்பிடி வச்ச ஒரு பலகை, அதுல எழுத்து அச்சடிச்ச தாள், மேல மாட்டுக் கொம்பைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாச் சீவி மூடியிருப்பாங்க, பிள்ளைங்க கை பட்டுத் தாள் கிழியாம இருக்க. எழுத்துக் கூட்டத் தெரிஞ்சதும் ஜெபம், அப்புறம் பைபிள். எழுதப் பழகுறது 7 வயசுக்கு மேல. இறகைச் சீவணும், மை வேணும், தாள் வேணும், சொல்லித் தர்றவருக்குத் தனியாக் காசு குடுக்கணும். அந்த வயசுல பையன் கையில பேனா வந்துச்சு. பொண்ணு கையில ஊசி வந்துச்சு.

பெரியத்தை 8:27
ஊசியிலயும் அவ எழுத்தைத்தான் தைச்சா. துணியில வரிசையா அ, ஆ மாதிரி அவங்க எழுத்துகள், கீழ ஒரு வேத வசனம், பேரு, வயசு. அந்தத் துணிகள் இன்னைக்கும் மியூசியத்துல இருக்கு. கோர்ட்டுல கீறல் போட்டவ வீட்டுல பைபிள் வாசிச்சிருப்பா. உன் ஸ்லைடுல அவ 'படிக்காதவ'.

மாமா 8:31
பெரிய வீட்டுப் பொண்ணுங்க எழுதியிருக்காங்களே. இத்தாலியில பதுவா பல்கலைக்கழகத்துல 1678லயே எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா டாக்டர் பட்டம் வாங்குனாளே?

யாழினி 8:34
ஆமா மாமா, என்கிட்ட இருக்கு. வெனிஸ் பிரபு மகள், 32 வயசு. லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு எல்லாம் தெரியும். கூட்டம் தாங்காம தேர்வையே கதீட்ரலுக்கு மாத்துனாங்க. ஆனா அப்பா கேட்டது இறையியல் பட்டம். பெண்ணுக்குத் தர முடியாதுன்னு பிஷப் மறுத்துட்டார், தத்துவத்துல குடுத்தாங்க. அதோட பதுவா பெண்களுக்குக் கதவைச் சாத்திருச்சு. அடுத்து பட்டம் வாங்குனவங்க லாரா பாசி, 1732ல, அதுவும் வேற ஊர்ல, பொலோன்யா பல்கலைக்கழகத்துல.

பெரியத்தை 8:36
அது அப்பாவுக்கு மனசும் பணமும் இருந்த வீடு. பத்ஷுவா மேக்கினையும் சேத்துக்கோ. முதலாம் சார்லஸ் ராஜா மகளுக்கே டீச்சர். 1673ல லண்டன் பக்கத்துல டோட்டன்ஹாம்ல நடந்த பள்ளிக்கூடத்துக்காக ஒரு சின்னப் புத்தகம் போட்டா. பாதி நேரம் நடனம், பாட்டு, எழுத்து, கணக்கு. மீதி நேரம் லத்தீன், பிரெஞ்சு. வருஷத்துக்கு 20 பவுண்டு ஃபீஸ். கூலிக்காரன் மகளுக்கு அது எட்டுமா?

அப்பா 8:40
அக்கா, நம்ம அம்மா ஞாபகம் வருது.

பெரியத்தை 8:41
எனக்கு அதை நினைச்சுத்தான்டா கோபமே.

யாழினி 8:41
ஆச்சிக்குப் படிக்கத் தெரியுமா?! ரேஷன் கார்டுல கைநாட்டுதானே இருந்துச்சு?

அப்பா 8:46
பஸ் போர்டைத் தானே படிச்சுத்தான் ஏறுவா. மத்தியானம் திண்ணையில பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், விரலை வச்சு, சத்தமா. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரு கேக்க வருவாங்க. அவ அண்ணனுக்குச் சொல்லிக் குடுக்கும்போது பக்கத்துல இருந்து படிச்சது. சிலேட்டுக் குச்சியை மட்டும் அவ கையில யாரும் குடுக்கல. நிலத்தை எழுதிக் குடுக்கப் போனப்போ பத்திரத்தை முழுசா வாசிச்சு, எல்லை தப்பா இருக்குன்னு அவதான் காட்டுனா. அப்புறம் கைநாட்டு வச்சா. அங்க இருந்தவர் பக்கத்துல 'எழுதப் படிக்கத் தெரியாதவர்'னு எழுதுனார். நான் கூட நின்னேன். எனக்கு 14 வயசு. நான் ஒண்ணும் சொல்லல.

பெரியத்தை 8:48
அம்மா வீட்டுக்கு வந்து அழுதா. உனக்குத் தெரியாது.

யாழினி 8:55
ஸ்லைடை மாத்திட்டேன். "பெண்களில் 10க்கு ஒருவர் பெயரை எழுதினார். எத்தனை பேர் வாசித்தார்கள் என்று அந்தத் தாள்கள் சொல்லாது." ஆச்சியைப் பத்தியும் பேசலாமா அப்பா?

அப்பா 8:56
பேசும்மா.

சித்தப்பா 9:10
பரண்ல டிரங்குப் பெட்டிக்குள்ள அந்தப் புத்தகம் இருக்கு. அட்டை போயிருச்சு. போட்டோ அனுப்புறேன்.

யாழினி 9:11
சித்தப்பா, ஏதாவது பக்கம் மடிச்சிருக்கா?

சித்தப்பா 9:13
இருக்கு. 68.